பலகை மாற்றாத கடை

ஹாஸல்பாக்கில் யார் நன்றாகத் தூங்கினாலும் அந்தப் புண்ணியத்தில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று ரைன்ஹோல்ட் ரோத் நம்பினார். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. பாதிரியாரின் தலையணை, மேயரின் தலையணை, ஆஸ்பத்திரியின் நூற்றுச் சொச்சம் தலையணைகள், எல்லாமே அவருடைய கடைச் சரக்கு. சந்தைச் சதுக்கத்தில் தேவாலயத்துக்கு நேர் எதிரே கடை. கடையின் நெற்றியில் நீலப் பீங்கான் பூச்சில் வெள்ளை எழுத்தாக ஒரு பலகை: 'ரோத். மெத்தை, தலையணை, இறகுப் போர்வை. 1868 முதல்.'

ஒவ்வொரு ஆண்டும் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அந்தப் பலகையை அவரே ஏணி போட்டு ஏறி, வினிகர் கலந்த நீரால் கழுவுவார். எழுபது வயதில் ஏணி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சதுக்கத்தில் சந்தை கூடும் நாளாகப் பார்த்துத்தான் ஏறுவார் என்பதால், டாக்டரின் பேச்சை எப்படிக் கேட்பது? கீழே காய்கறி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் பழைய சட்டைத் துணியால் 'ரோ'வின் வளைவைத் துடைத்தபடி, யாரும் கேட்காமலே சொல்வார்:

"நூத்தம்பது வருஷம். இதுவரைக்கும் இந்தப் பலகையை நாங்க மாத்தினதே கிடையாது."

அந்த வருடம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் குட்ரூன் லிண்ட்னர். நகராட்சி ஆவணக் காப்பகத்தில் அரை நாள் வேலை அவளுக்கு. ஒன்பது வருடத்தில் ஐந்து ஊர், ஐந்து தற்காலிக வேலை என்று அலைந்துவிட்டு, ஐம்பத்து நான்கு வயதில் ஹாஸல்பாக்கில் வந்து நின்றிருந்தாள். இங்கேயும் ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று ஜூன் மாத நகர மன்றம் கைதூக்கித் தீர்மானிக்கும். பண்பாட்டுக் குழுவின் தலைவர் ரைன்ஹோல்ட் ரோத். கடையின் நூற்றைம்பதாம் ஆண்டு மலரை எழுதித் தரும்படி அவளிடம் கேட்டவரும் அவரே. ஆகவே ஆவணக் காப்பாளர் ஏணியைக் காத்து நின்றதில் யாருக்கும் வியப்பில்லை.

"ஜூன்ல உங்க விஷயம் வருதில்ல, லிண்ட்னர் அம்மா?" என்றார் மேலேயிருந்து.

"ஆமாங்க, ரோத் ஐயா."

"மலர் நல்லா வரட்டும். பார்த்துக்கலாம். ஏணியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க."

*

விழா மே மாதம். அதற்கு முன்னோட்டமாக ஏப்ரல் கடைசியில், தங்க ஆட்டுக்குட்டி விடுதியின் பின்கூடத்தில் ரைன்ஹோல்ட் ஒரு சொற்பொழிவு வைத்தார். தலைப்பு: 'ரோத்: ஒரு பெயரின் பெருமை.' பேச வந்தவர் எக்கெஹார்ட் ஃபீட்லர், ஓய்வுபெற்ற பேராசிரியர். பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்வதே அவர் தொழில். பெயர்க்காரர்களுக்குப் பிடித்த இடத்திலிருந்து வந்ததாகச் சொன்னால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதும் அனுபவத்தில் அவருக்குத் தெரியும். அன்றைக்கு அஸ்பாரகஸ் என்ற வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டும் பன்றித் தொடைக்கறியும் போட்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் வெள்ளைத் திராட்சை மது.

"ரோத்னா சிவப்பு. இது குழந்தைக்கும் தெரியும்," என்று தொடங்கினார் ஃபீட்லர். "ஆனா எந்தச் சிவப்பு?"

கூட்டம் தட்டிலிருந்து தலையைத் தூக்கியது.

முதலாவது, செம்பட்டை முடிக்காரனின் வம்சம். இரண்டாவது, காட்டை வெட்டித் திருத்தி நிலமாக்கியவர்கள். அந்தச் செயலுக்கான பழைய சொல்லும் தேய்ந்து இதே ஒலியில்தான் வந்து நிற்கிறது. மூன்றாவது, ரோத் என்ற பெயருள்ள பல ஊர்களில் ஏதோ ஒன்றிலிருந்து கிளம்பி வந்தவர்கள். நான்காவது, சிவப்பு எருதோ சிவப்புச் சேவலோ வரைந்த வீட்டில் குடியிருந்தவர்கள்.

"ஐந்தாவதும் ஒண்ணு உண்டு," என்று கண்ணைச் சிமிட்டினார். "பழைய மொழியில இதே சொல்லுக்கு தந்திரக்காரன், நம்பத்தகாதவன்னும் அர்த்தம். செம்பட்டை முடிக்காரங்களை அந்தக் காலத்துல யாரும் நம்பறதில்ல."

கூடம் சிரித்தது. ரைன்ஹோல்டும் சிரித்தார். அவர் தலைமுடி வெளுத்துவிட்டது. ஆனால் புருவங்கள் இன்னும் செங்கல் நிறம்.

"ஆறாவது," என்று பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார், "ஆயிரத்து எண்ணூத்திப் பதிமூணுல பவேரிய அரசு யூதக் குடும்பங்களெல்லாம் ஒரு குடும்பப் பெயர் வச்சுக்கணும்னு உத்தரவு போட்டப்போ, நிறப் பெயர்கள் எடுத்துக்கிட்டவங்களும் நிறைய. அது வேற கதை. நாம இரண்டாவதுக்கு வருவோம்."

இரண்டாவதுக்கு வர முடியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குனிகுண்டே கையைத் தூக்கியிருந்தாள். தொண்ணூறு வயது, ரோத் கடைக்கு ஐம்பது வருடம் போர்வை தைத்தவள், அவளுடைய அம்மாவும் அதே கடைக்குத் தைத்தவள். காது மந்தம் என்பதால் அவள் குரல் எப்போதும் ஊருக்கே கேட்கும்.

"ப்ரொஃபசரே, எனக்கு ஒரு சந்தேகம். எங்கம்மா ரெண்டு ரோத்துக்கு வேலை செஞ்சாங்க. ஒருத்தர் கருப்பு ரோத், ஒருத்தர் சிவப்பு ரோத். அந்தக் கருப்பு ரோத் உங்க லிஸ்ட்ல எத்தனாவது?"

"கருப்புச் சிவப்பா?" என்று சிரித்தார் ஃபீட்லர்.

"கருப்புச் சிவப்புன்னா பெர்லின்ல ஆட்சி நடத்துற ரெண்டு கட்சிக் கூட்டணி," என்றார் மேயர் வைஸ். அவர் எந்த மௌனத்தையும் மூன்று விநாடிக்கு மேல் நீள விடமாட்டார். அதனாலேயே மூன்று முறை மேயர். "ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள இருந்துக்கிட்டு காலை இழுக்கறாங்களே, அது."

மறுபடி சிரிப்பு. ரைன்ஹோல்ட் மட்டும் இந்த முறை சிரிக்கவில்லை. அவர் குனிந்து, தட்டில் மீதமிருந்த தண்டை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்ததை குட்ரூன் பார்த்தாள்.

கூட்டம் கலையும்போது கிழவிக்கு மேலங்கி மாட்டிவிடும் சாக்கில் அவளை நிறுத்திக் கேட்டாள் குட்ரூன்.

"கருப்பு ரோத் யாருங்க?"

"யாரா? கடைக்காரர். தாடி, முடி, புருவம், எல்லாம் கரிக்கட்டி. சிவப்பு ரோத் அவர்கிட்ட துணி அளந்து குடுக்கிற ஆளு. நம்ம ரைன்ஹோல்டோட அப்பா, ஆல்ஃபன்ஸு. ரெண்டும் ரோத்து. சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. பேரு மட்டும் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான். வாடிக்கைக்காரங்களுக்குக் குழப்பம் வரக்கூடாதுன்னு நிறத்தை வச்சுக் கூப்பிடுவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருத்தர்தான் இருந்தார். ஒருத்தருக்கு எதுக்கு அடைமொழி? வெறும் ரோத்துன்னு ஆயிடுச்சு." கிழவி ஒரு கையை மேலங்கியின் கைக்குள் விட்டு, மற்றதற்கு வழி தேடினாள். "இந்தக் கையைக் காணோம் பாரு. எங்க போச்சு?"

*

பதிவேட்டைக் கண்டுபிடிக்க குட்ரூனுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. மறைத்து வைத்திருந்தால் தேடியிருக்கலாம், பெருமையாக இருந்திருக்கும். வணிகப் பதிவேடு அலமாரியில் அதன் இடத்தில்தான் நின்றது. எழுபது வருடமாக யாரும் எடுக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பூட்டு கிடையாது.

1868: நிறுவியவர் இஸிடோர் ரோத், இறகு வியாபாரி, யூதர். 1911: மகன் லெயோபோல்ட் ரோத். 1938 செப்டம்பர்: ஆல்ஃபன்ஸ் ரோத், இதே கடையின் முன்னாள் விற்பனையாளர். அதன் ஓரத்தில் எழுத்தர் ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'கடைப் பெயர்: மாற்றம் தேவையில்லை.'

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அந்த நாஜி வருடங்களில் மற்ற ஊர்களில் யூதக் கடைகளின் பலகைகளைக் கழற்றினார்கள், அடித்து உடைத்தார்கள், மேலே வேறு பெயர் எழுதினார்கள். இங்கே அந்தச் சிரமம் இல்லை. ஒரு ரோத் போனார்; ஒரு ரோத் வந்தார். பலகை கழுவப்பட்டது.

லெயோபோல்டும் அவர் மனைவியும் 1942-இல் வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே கிளம்பிய ரயிலில் ஏற்றப்பட்டார்கள் என்பது வேறொரு பட்டியலில் இருந்தது. அதில் அவர்கள் தொழிலுக்கான கட்டம் காலி.

அந்த வாரமே மின்னஞ்சலும் வந்தது. கடையின் இணையப் பக்கத்தில் மலருக்கான விளம்பரம் போட்டிருந்தார்கள்: கருந்தாடியுடன் ஒரு கனவான், கீழே 'I. ரோத்' என்று பொறித்த பழைய படம். அதன்கீழ் 'எங்கள் நிறுவனர் இக்னாட்ஸ் ரோத்' என்று புதிய எழுத்து. மோன்டெவிடேயோவிலிருந்து எஸ்தர் என்ற பெண்மணி காப்பகத்துக்கு எழுதியிருந்தாள். இதே படம் தன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் தொங்குகிறது, அவர் தன் கொள்ளுத்தாத்தா, பெயர் இஸிடோர். தான் விழாவுக்கு வரப்போவதாகவும், சுவரில் ஏதோ பித்தளைத் தகடு திறப்பதாகப் படித்ததாகவும், அதில் இரண்டே இரண்டு முன்பெயர்கள், இஸிடோர், லெயோபோல்ட், இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். 'வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அவர்களுக்குக் கல்லறை இல்லை. எங்காவது ஒரு சுவரில் அவர்கள் முழுப் பெயரும் இருந்தால் போதும்.'

குட்ரூன் பதிவேட்டுப் பக்கத்தையும் மின்னஞ்சலையும் அச்செடுத்துக்கொண்டு சதுக்கத்தைக் கடந்தாள். நடக்கும்போது அவள் மனதில் வீரமான வாக்கியங்கள் இருந்தன.

*

ரைன்ஹோல்ட் அவளைக் கடைக்குள் அழைத்துப்போய், அவள் கையைப் பிடித்து ஒரு போர்வையின்மேல் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க. ஒரு வாத்துக்கு இத்தனூண்டுதான் கிடைக்கும், நெஞ்சுப் பக்கத்துல. தெரியுதா மெதுமை?"

அவள் அந்த மெதுமையின்மேல் பதிவேட்டின் நகலை வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டி, படித்தார். மின்னஞ்சலையும் படித்தார். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. சுவரில் கருந்தாடிக்காரர் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே புதிதாகச் செய்த குடும்பச் சின்னம் சட்டமிட்டுத் தொங்கியது: காட்டைத் திருத்திய வம்சத்துக்கு ஒரு கோடாரி, தொழிலுக்கு ஒரு வாத்து. கோடாரிக்கு அடியில் வாத்து நிம்மதியாக நின்றதுதான் வேடிக்கை.

"இவர் இக்னாட்ஸ் இல்ல, இஸிடோர்," என்றாள் குட்ரூன்.

"படத்துல வெறும் ஒரு எழுத்துதான் இருக்கு. இக்னாட்ஸ்னு அப்பா சொன்னார்."

"எப்போ சொன்னார்?"

"நான் கேட்டப்போ."

"எப்போ கேட்டீங்க?"

"எனக்கு ஏழு வயசு." கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு தடவைதான் கேட்டேன்."

அந்த ஒரு தடவை என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. இடது காதைத் தடவிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடம் குட்ரூனுக்கு அவரைப் பிடித்திருந்தது. அந்த நிமிடமும் நீடிக்கவில்லை.

"இந்த அம்மா கடையைக் கேக்கறாங்களா?"

"இல்ல. பேரை மட்டும்."

"கடையைக் கேட்டா வக்கீலை வச்சுப் பேசலாம். பேரைக் கேட்டா என்ன பண்றது?" என்று உண்மையாகவே கலங்கினார். பிறகு நகலை நான்காக மடித்து அவளிடமே தந்தார். "பாருங்க லிண்ட்னர் அம்மா. பலகையில என்ன எழுதியிருக்கு? ரோத். பொய்யா?"

"இல்ல."

"1868 முதல். பொய்யா?"

"இல்ல."

"மெத்தை, தலையணை, போர்வை. இதுல எங்க பொய் இருக்கு, நீங்களே சொல்லுங்க. ஒவ்வொரு சொல்லும் நிஜம். எங்க குடும்பம் நிஜத்தைத்தான் எண்பது வருஷமா துடைச்சு வச்சிருக்கு."

எண்பது என்று சொல்லிவிட்டதை இருவருமே கவனித்தார்கள். நூற்றைம்பது என்று அவர் திருத்தவில்லை; அவளும் கேட்கவில்லை.

"உங்கப்பாவோட அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்றாள்.

"கல்குவாரியில," என்றார் ரைன்ஹோல்ட் தரையைப் பார்த்து. "அதுக்கு யாரு நூத்தம்பதாவது வருஷம் கொண்டாடுவாங்க?"

*

மேயர் வைஸ் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். செதுக்குபவர் காத்திருக்கிறார், தகடு வெட்ட வேண்டும், ஒரு வரியை முடிவு பண்ணுங்கள் என்று அவருக்கு அவசரம். மேசையில் ஜூன் மாத மன்றத்தின் பொருள்பட்டியல் கிடந்தது. பதினொன்றாம் எண்: காப்பகப் பணியிடம்.

"நான் வைஸ். வெள்ளை. பேர்லயே கறை ஒட்டாது," என்று வழக்கமான நகைச்சுவையுடன் தொடங்கினார். "அதனால நடுநிலையாச் சொல்றேன். அந்த அம்மா கேக்கறது நியாயம். ரைன்ஹோல்ட் சங்கடப்படறதும் நியாயம். ரெண்டு நியாயம் ஒரு தகட்டுல கொள்ளாது. எட்டுச் சொல்லுக்கு மேல செதுக்க முடியாதாம்."

"ரெண்டு சொல்தானே கேக்கறாங்க," என்றாள் குட்ரூன்.

"ரெண்டு சொல்லைப் போட்டா, மூணாவதா ஆல்ஃபன்ஸ் எங்கன்னு ஒருத்தன் கேப்பான். ஆல்ஃபன்ஸைப் போட்டா, எப்படி வந்தார்னு இன்னொருத்தன் கேப்பான். தகடு பதில் சொல்லணுமே ஒழிய கேள்வி கேக்கக் கூடாது."

"இஸிடோரைப் போட்டா என் மருமக வரைஞ்ச கோடாரியை என்ன பண்றது?" என்றார் ரைன்ஹோல்ட்.

குட்ரூனுக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, குத்தும்.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க," என்றாள். "'ரோத் குடும்பத்துக்கு நன்றியுடன், 1868 முதல்'னு போட்டுடுங்க. எந்த ரோத்துக்கு வேணுமோ அந்த ரோத் எடுத்துக்கட்டும். உங்க ஊருக்கு அது பழக்கம்தானே."

மேயர் வழக்கத்துக்கு மாறாக மூன்று விநாடியைத் தாண்டி மௌனமாக இருந்தார். பிறகு மெதுவாகப் பேனாவை எடுத்து எழுதினார்.

"ரோத், குடும்பத்துக்கு, நன்றியுடன், ஆண்டு, முதல். அஞ்சுதான். இடம் மிச்சம்." நிமிர்ந்தார். "அற்புதம், லிண்ட்னர் அம்மா."

"எல்லாரும் உள்ள வந்துட்டாங்க," என்றார் ரைன்ஹோல்ட். கண் கலங்கியிருந்தது. "யாரையும் விடல. இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்கிறது."

அது நக்கல் ஐயா, என்று சொல்ல குட்ரூன் வாயைத் திறந்தாள். மேயரின் பேனா பொருள்பட்டியலின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று இறங்கி பதினொன்றில் நின்று, அங்கே ஒரு சரிக்குறி போட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடும்போது அது கொட்டாவி மாதிரி தெரிய வேண்டும் என்று கையால் மறைத்துக்கொண்டதையும் அவளே கவனித்தாள்.

மலரில் ஒன்பதாம் பக்கத்தில் 'இக்னாட்ஸ் ரோத்' என்றிருந்ததை 'I. ரோத்' என்று மாற்ற அவள் போராடினாள். போராட்டம் இரண்டு நாள் நடந்தது. வென்றாள். ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும். வெற்றியைப் பற்றி யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை.

எஸ்தருக்கு அவள் எழுதிய பதில் நீளமானது, அன்பானது. தகட்டில் 'உங்கள் குடும்பப் பெயர்' இடம்பெறும் என்று அதில் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் நிஜம்.

*

விழா நாள் வெயிலாக இருந்தது. தீயணைப்புப் படையின் ஊதுகுழல் குழு, வறுத்த சாஸேஜ் கடை, மது, குழந்தைகள் குதிக்க ஒரு ராட்சத மெத்தை.

எஸ்தர் தனியாக வந்தாள். மெலிந்த உடம்பு, அறுபத்தாறு வயது, வெள்ளை முடி. அவள் ஜெர்மன் பேசினாள். ஆனால் 1938-இல் கப்பலேறிய ஜெர்மன் அது. அவள் அம்மாவின் சமையலறையிலேயே எண்பது வருடம் இருந்துவிட்டு வந்தது. யாரும் இப்போது சொல்லாத சொற்களால் அவள் மேயருக்கு வணக்கம் சொன்னபோது ஊதுகுழல் பையன்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

திரை விலகியது. பித்தளை மின்னியது. கை தட்டினார்கள். எஸ்தர் பக்கத்தில் போய், கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். ஐந்து சொற்களுக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். மீதி எங்காவது பின்பக்கம் இருக்குமோ என்று நினைத்தவள்போல் தகட்டின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு குட்ரூனைப் பார்த்தாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா இதுல எங்க இருக்கார், அம்மா?"

"இதோ," என்று குட்ரூன் முதல் சொல்லைக் காட்டினாள். "ரோத்."

"எங்க தாத்தா?"

"அவரும் அதேதான்."

"அப்போ அவரு?" என்று எஸ்தர், நகராட்சி தந்த பதக்கத்துடன் நின்ற ரைன்ஹோல்டைக் காட்டினாள்.

"அவரும்தான்," என்றாள் குட்ரூன்.

எஸ்தர் தலையாட்டினாள். கோபப்பட்டிருக்கலாம், அதற்குத் தயாராக குட்ரூன் ஒரு பதில் வைத்திருந்தாள். எஸ்தர் கோபப்படவில்லை.

ரைன்ஹோல்ட் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "நாம எல்லாருமே ரோத்தானே," என்று அவளைக் கட்டிக்கொண்டார். பின்னாலிருந்து பேராசிரியர் ஃபீட்லர், வேர் ஒன்றாகவும் இருக்க வாய்ப்புண்டு, ஆராயலாம் என்றார். அவர் கையில் சாஸேஜ் இருந்தது.

"உங்கப்பாவைப் பத்தி எங்கம்மா சொல்வாங்க," என்றாள் எஸ்தர் தன் பழைய ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "சிவப்பு ரோத்து ரொம்ப மரியாதையான மனுஷர்னு. அம்மா கப்பலுக்குக் கிளம்பின அன்னிக்கு ரயிலடிக்கு ஊர்க்காரங்க யாருமே வரலையாம். அவர் மட்டும் வந்தாராம். அம்மாவோட பெட்டியை அவர்தான் தூக்கிட்டு வந்தாராம்."

"என் அப்பாவா?" என்றார் ரைன்ஹோல்ட். எழுபது வயதில் அவருக்கு யாரோ ஒரு நல்ல தகப்பனைத் தந்திருந்தார்கள். விழாவுக்கு வந்த பத்திரிகைக்காரர் குறித்துக்கொள்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார், குறித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. பெட்டியை ரயில்ல ஏத்திட்டு, ப்ளாட்ஃபாரத்துல நின்ன தாத்தாகிட்ட கடைச் சாவியை வாங்கிக்கிட்டுப் போனாராம்."

பத்திரிகைக்காரரின் பேனா நின்றது. ஊதுகுழல் குழு நல்லவேளையாக அடுத்த பாட்டை எடுத்தது.

ரைன்ஹோல்ட் பெரிய மனதுடன் ஒரு பரிசு வைத்திருந்தார். அதைக் கொடுக்காமல் விட முடியவில்லை. தங்கச் சட்டமிட்ட படம். கருந்தாடிக் கனவான். விளம்பரத்துக்காக முன்பே அடித்து வைத்திருந்த பிரதிகளில் ஒன்று. அடியில் 'இக்னாட்ஸ் ரோத், நிறுவனர்' என்று தங்க எழுத்து அப்படியே இருந்தது.

எஸ்தர் அதை வாங்கிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல இவருக்கு இஸிடோர்னு பேரு."

"அட, பேரை விடுங்கம்மா," என்றார் ரைன்ஹோல்ட், பெயருக்காகப் பேராசிரியரை வரவழைத்து ஊருக்கே விருந்து போட்டவர். "மனுஷன்தானே முக்கியம்."

சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த குனிகுண்டே இவ்வளவு நேரமும் எஸ்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது, ஊதுகுழலையும் மீறிக் கேட்கும் குரலில் சொன்னாள்:

"மறுபடியும் ரெண்டு ரோத் ஆயிடுச்சு. இனிமே அடைமொழி வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. மேயர் கிழவியின் நாற்காலியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வெயில் ஆகாது என்றார்.

எஸ்தர் மாலை ரயிலில் கிளம்பிவிட்டாள். ரயிலடிக்குப் போக குட்ரூன் நினைத்தாள். படமும் கனம், பெட்டியும் கனம், யாராவது தூக்கித் தர வேண்டும். ஆனால் இந்த ஊரில் பெட்டி தூக்கி வழியனுப்புவது என்பது என்ன என்று அன்று காலைதான் கேட்டிருந்தாள். போகவில்லை.

*

ஜூன் மன்றத்தில் பதினொன்றாம் எண் விவாதமின்றி நிறைவேறியது. ரைன்ஹோல்ட் ரோத் முதலில் கைதூக்கினார். குட்ரூன் லிண்ட்னர் அரை நாள் வேலையில் நிரந்தரமானாள். கடை ஊழியர்களுக்குப் போலவே அவளுக்கும் ஒரு இறகுப் போர்வை அன்பளிப்பாக வந்தது. மெத்தென்றுதான் இருந்தது.

ஜூலையில் மோன்டெவிடேயோவிலிருந்து ஒரு சின்ன மின்னஞ்சல். 'அந்தத் தகட்டைப் பார்த்து ஒரு அந்நியர் எந்த ரோத் என்று கேட்டால், காப்பகம் என்ன பதில் சொல்லும்?'

நான்கு பதில்கள் எழுதிப் பார்த்தாள். நான்கிலும் ஒவ்வொரு சொல்லும் நிஜமாக இருந்தது, நான்கையும் அழித்தாள். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் சேர்த்தாள். அதுவரை மேசையில் தனித்தனியாகக் கிடந்தவை எல்லாவற்றையும் எடுத்தாள்: இஸிடோரின் பதிவு, லெயோபோல்டின் பட்டியல், ஆல்ஃபன்ஸ் பதிவின் ஓரக்குறிப்பு, கோடாரியும் வாத்தும், தான் எழுதிய மலர். எதை எதற்குள் வைப்பது என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கறாராகப் பார்த்தால் இரண்டு பெட்டி. அலமாரியில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

ஒரே பெட்டியில் போட்டு மூடினாள். பெட்டியின் முதுகில் முன்பே யாரோ எப்போதோ ஒட்டியிருந்த சீட்டு இருந்தது: 'ரோத்.' புதுச் சீட்டுக்காக மேசை இழுப்பறையைத் திறந்தவள், அந்தப் பழைய சீட்டைப் பார்த்தாள், இழுப்பறையை மூடினாள்.

மாற்றம் தேவைப்படவில்லை.